உப்பு வருத்தம்

நேற்று மாலை ரியூசனுக்கு வந்த பிள்ளைகளில் ஒருத்தி வலது கை விரல்களை மடித்துப் பிடித்தபடியே எழுதிக்கொண்டிருந்தாள். என்ன என்று கேட்டதும் வெட்கத்தோடு விரித்துக் காட்டினாள். பெருவிரலும் சுட்டுவிரலும் நுனியில் கறுத்துக் கிடந்தன.

“பள்ளிக்கூடத்தில வெள்ளி நைத்திரேற்றுப் பட்டிட்டு மிஸ். சவுக்காரம் போட்டு எவ்வளவு தேய்ச்சாலும் போகுதில்ல. ஞாயிற்றுக்கிழமை அக்காட கலியாணம்.”

கழுவிப் போகாது, தோல் தானாக உரிந்தால்தான் போகும் என்றேன். அவள் முகம் வாடிவிட்டது. மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். நான் பாடத்தைத் தொடர்ந்தேன். ஆனால் அதன் பிறகு என்ன சொல்லிக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. உன் விரல்கள் ஒரு மாரிகாலம் முழுவதும் அப்படித்தான் கறுத்திருந்தன. நற்கருணைக்குக் கை நீட்டியபோது பாதர் ஒரு கணம் தயங்கினார் என்று வந்து சொல்லிச் சிரித்தாய்.

நீ போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. அந்த மாரிகாலத்தை என்னோடு சேர்ந்து நினைக்க இப்போது வேறு ஆளில்லை. அதனால் உனக்கே எழுதுகிறேன்.

ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள் நாம். நான் இரசாயனம் படித்துவிட்டு நம் பள்ளிக்கூடத்துக்கே ஆசிரியையாகத் திரும்பி வந்தேன். நீ கொழும்புக்குப் போய், அகழ்ந்தெடுத்த பொருட்களைச் சோதித்துப் பழுது பார்க்கும் ஆய்வுகூடத்தில் சேர்ந்தாய். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் துருவைப் பற்றியும் களிம்பைப் பற்றியும் பேசுவாய். “ஊரில மாப்பிள்ளை பாத்து வச்சிரிக்கம், இவள் களிம்பப் பத்திக் கதைக்கிறாள்” என்று உன் அம்மா தலையில் கை வைப்பார். பிறகு கொழும்பில் தமிழருக்கு எதிரான கலவரம் வந்தது. ஒரு கைப்பையும் கழுத்தில் தொங்கிய உருப்பெருக்கிக் கண்ணாடியுமாக நீ புளியந்தீவு வீட்டுக்கு வந்து சேர்ந்தாய். திரும்பி வா என்று உன்னை யாரும் கூப்பிடவில்லை. நீயும் கொஞ்சக் காலம் எதிர்பார்த்திருந்துவிட்டு அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாய்.

பள்ளிக்கூடம் விட்டபின் என் ஆய்வுகூடத்துக்கு வந்து உட்காருவது உன் வழக்கமானது. அதிபருக்குத் தெரியும், தெரியாதது போல இருந்தார். ஓட்டை விழுந்த கூரையும், பாதிப் போத்தல்கள் வெறுமையான அலுமாரியும்தான் அங்கே இருந்தன. “பரவாயில்லகா, மேசை ஆடுதில்ல” என்றாய்.

வண்ணக்கர் வந்தது அந்த நாட்களில்தான். அப்போது வாவிக்கு இந்தப் பக்கம் நகரத்தில் ஆமி, அந்தப் பக்கம் படுவான்கரையில் இயக்கம், நடுவில் பாலமும் ஆமியின் சென்றிக் காவலும். வவுணதீவுக்கும் அப்பால், வயல்வட்டை ஓரத்தில் இருந்த ஒரு கிராமத்துக் கண்ணகை அம்மன் கோயிலுக்கு அவர் பொறுப்பானவர். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். சிலைகளுக்கு வைத்தியம் பார்க்கும் சிநேகிதி ஒருத்தி எனக்கு இருக்கிறாள் என்று வகுப்பில் எப்போதோ சொன்னதை அவள் வீட்டில் போய்ச் சொல்லியிருக்கிறாள். அவர் சைக்கிளில் கட்டிவந்த நெல்லுச்சாக்கை மேசையில் வைத்து அவிழ்த்தார். உள்ளே இரண்டு சாண் உயரத்தில், நின்ற கோலத்தில் ஒரு பெண்.

“கோயில் வளவுக்குள்ள ஷெல்லுக்கு ஒளிக்கிறதுக்குப் பங்கர் வெட்டினம் ரீச்சர். நெஞ்சளவு ஆழத்தில மண்வெட்டி பட்டுச் சத்தம் கேட்டிச்சு.”

“சென்றியில என்ன சொன்னீங்க?” என்று நான் கேட்டேன். எனக்கு அந்தப் பயம்தான் முதலில் வந்தது.

“சாமி எண்டன். சாக்க அவிழ்க்கச் சொன்னான், அவிழ்த்தன். கொஞ்ச நேரம் பாத்திட்டு, ‘பத்தினி தெய்யோவா’ எண்டு கேட்டான். ஓமெண்டன். அவங்களும் கும்பிடுற அம்மன்தானே. தொப்பியக் கழட்டிக் கக்கத்துக்க வச்சிட்டு, போ எண்டு கையக் காட்டினான்.”

நீ எங்கள் பேச்சைக் கேட்கவில்லை. கண்ணாடியை எடுத்துக் குனிந்துவிட்டாய். உடம்பெங்கும் கரும்பச்சைப் படலம், அது நல்லது என்றாய். ஆனால் முகத்திலும் தோளிலும் கையிலும் வெளிர் பச்சையாகப் புள்ளிகள், யாரோ மாவைத் தூவிவிட்டது போல. ஈர்க்குச்சியால் ஒரு புள்ளியைத் தொட்டாய். பொடியாக உதிர்ந்தது. உன் முகம் மாறியதை நான் பார்த்தேன்.

“புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ச்சா வெளுக்குமெண்டு சனம் சொல்லுது. நான்தான் விடல்ல” என்றார் வண்ணக்கர்.

“நல்ல வேலை செஞ்சீங்க ஐயா. இது அழுக்கில்ல. வருத்தம், ஒரு நோய்.”

“அம்மனுக்கு வருத்தமா? எங்கட வருத்தமெல்லாம் மாத்துறவவுக்கா?”

“உப்பு வருத்தம். மண்ணுக்குள்ள இரிந்த உப்பு உடம்புக்குள்ள போயிரிக்கி. ஈரக்காத்துப் பட்டா உள்ளுக்க இரிந்து தின்னும். தின்னத் தின்னப் பொடியாகும். மேலால தேய்ச்சா மாறாது. உப்ப வெளிய எடுக்கணும்.”

“வைகாசிச் சடங்குக்கு முதல் ஏலுமா?”

“தெரியாது ஐயா.”

“எத்தின வருஷத்துச் சாமி எண்டாவது…”

“அதுவும் தெரியாது. தெரியுமெண்டு சொல்லி உங்கள ஏமாத்த ஏலாது.”

அவர் என்னைப் பார்த்தார். தேடி வந்த வைத்தியர் இவர்தானா என்ற பார்வை. பிறகு, “பெரியாஸ்பத்திரி டொக்டர்மாரும் இப்பிடித்தான் சொல்றாங்க” என்று சிரித்துவிட்டு, அம்மனை உன்னிடம் விட்டுவிட்டுப் போனார்.

அன்று நான் உன்னோடு சண்டை பிடித்தேன். வாவியில் பிணம் மிதக்கிற காலத்தில் இது தேவையா என்று கேட்டேன். ஆமி வந்து பார்த்தாலும் வில்லங்கம், மற்றவர்கள் வந்து கேட்டாலும் வில்லங்கம். நீ எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாய். “எனக்கு வேற என்னகா செய்யத் தெரியும்?” என்று மட்டும் சொன்னாய். மறுநாள் வீட்டிலிருந்து பெரிய பேசினைக் கொண்டுவந்தேன்.

முதலில் நீ கழுவவில்லை. பார்த்தாய், நாட்கணக்கில் பார்த்தாய். அடிப்பீடத்துக்குக் கீழே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில், கடுகளவு சுரண்டி எடுத்துச் சோதித்தோம். செம்பு, வெள்ளீயம், கொஞ்சம் ஈயம். “இதுதான் எனக்குத் தெரியும். பேர் எனக்குத் தெரியாது, அத வண்ணக்கர் சொல்லட்டும்” என்றாய். பிறகு ஒரு நாள் உயிரியல் அறையிலிருந்து நுணுக்குக்காட்டியைத் தூக்கிவரச் சொன்னாய். அம்மனின் முதுகில், இடது தோளுக்குக் கீழே, உள்ளங்கையளவு படலம் மற்ற இடத்தைப் போல இல்லை. அதிலிருந்து தானாக உதிர்ந்த ஒரு சிறு செதிலை வைத்து, “பார்” என்றாய்.

பார்த்தேன். குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒன்றின் கீழ் ஒன்று இறங்கி, ஒழுங்காக.

“துணி” என்றேன்.

“துணி இரிந்த இடம். நூல் உக்கிப் போயிட்டு. செம்புக் களிம்பு நூலுக்குள்ள ஊறி, நூல்ட வடிவத்த எடுத்திரிக்கி.” நீ மறுபடி குனிந்து பார்த்தாய். “இது தொலைஞ்சுபோன சிலை இல்ல. ஆரோ துணியால சுத்திக் கவனமா வச்சிரிக்காங்க. புளி போட்டுத் தேய்ச்சிரிந்தா இது போயிரிக்கும்.”

ஒரு ஓரத்தில் இழைகள் நெருக்கமாக இருந்தன. சீலைக் கரை என்றேன் நான். நீ தலையை ஆட்டி மறுத்தாய். “சீலை எண்டு சொல்ல ஏலாது. துணி எண்டு சொல்லலாம். கரை இரிக்கி எண்டு சொல்லலாம்.” எனக்குக் கோபம் வந்தது. பங்கர் வெட்டும் நம் சனத்தைப் போல, முன்பொரு காலத்தில் யாரோ எதற்கோ பயந்து, தன் சீலையால் அம்மனைச் சுற்றி மண்ணுக்குள் வைத்திருக்கிறாள். அது எனக்குக் கண்முன்னால் தெரிந்தது. நீ அதைக் கரை என்ற அளவில் நிறுத்திவிட்டாய். பின்னாளில் எனக்கு விளங்கியது. நீயும் அவளைப் பார்த்தாய். பார்த்ததையும் அறிந்ததையும் வேறு வேறாக வைத்துக்கொண்டாய், அவ்வளவுதான்.

சலவைச் சோடாவும் அப்பச்சோடாவும் கலந்த தண்ணீரில் அம்மனை ஊறப் போட்டோம். சில நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்ற வேண்டும். மாற்றும் தண்ணீரில் இன்னும் உப்பு வருகிறதா என்று சோதிக்க வேண்டும். அதற்குத்தான் வெள்ளி நைத்திரேற்று. அலுமாரியில் இருந்த போத்தலில் அடிவண்டல்கூட இல்லை. அந்தக் காலத்தில் பற்றரிக்கே தடை; இரசாயனப் போத்தலோடு சென்றிக்குப் போனால் ஆளே திரும்பி வராது. நீ ஒரு நாள் வலது கால் வெள்ளிக் கொலுசைக் கழற்றி மேசையில் வைத்தாய்.

நகைத் தொழில் செய்யும் ஆசாரியிடம் நாம் இருவரும்தான் போனோம். கொஞ்சம் நைத்திரிக்கமிலம் வேண்டும் என்றாய். “எதுக்குத் தங்கச்சி?” என்றார். “கொலுசக் கரைக்க.” அவர் வேலையை நிறுத்திவிட்டு உன்னை நிமிர்ந்து பார்த்தார். “இந்தக் காலத்தில கொலுச விக்க வாறாங்க, அடகு வைக்க வாறாங்க. கரைக்க வந்த ஆள் நீங்கதான்.” சிறு போத்தலில் அமிலத்தை ஊற்றித் தந்தார். காசு வாங்கவில்லை. கொலுசில் செம்பு கலந்திருந்ததால் கரைசல் நீலமானது. செம்புக் கம்பியைப் போட்டு வெள்ளியைத் திரும்பப் பிரித்து, மறுபடி கரைத்தாய்; அதுதான் நமக்கு வெள்ளி நைத்திரேற்று. அந்த வேலையில்தான் உன் விரல்கள் கறுத்தன. மற்றக் கொலுசையும் கழற்றி வைத்துவிடு என்றேன். “சத்தம் கேட்டாத்தான் நான் வாறது உனக்குத் தெரியும்” என்று அதை ஒற்றைக் காலில் போட்டுக்கொண்டு திரிந்தாய்.

உப்பே இல்லாத வடித்த நீர்தான் பெரும்பாடு. மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெய் இல்லை. மழைத் தண்ணீரைப் பிடித்தோம். வாவிக் காற்று அடிக்கும் நாளில் அதிலும் உப்பு இருந்தது. கடைசியில் உமி அடுப்பு மூட்டி, பள்ளிக்கூடத்துக் கண்ணாடிக் குழாய்களைப் பொருத்தி, சொட்டுச் சொட்டாக வடித்துக் கான்களில் நிரப்பினோம். ஒவ்வொரு முறை தண்ணீர் மாற்றும்போதும் சோதனைக் குழாயை யன்னல் வெளிச்சத்தில் பிடிப்பாய். ஒரு துளி அமிலம், ஒரு துளி வெள்ளி நைத்திரேற்று. முதலில் அது பால் போலத் திரைந்தது, அவ்வளவு உப்பு. மார்கழியில் கஞ்சித் தண்ணீர் போல. தை முடியும்போது, உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் ஒரு புகை. “வந்திட்டாகா, கிட்ட வந்திட்டா” என்றாய். நோய் தெளிந்து எழும்பும் பிள்ளையைப் பற்றிச் சொல்வது போல இருந்தது.

மாசியில் படுவான்கரையில் சண்டை தொடங்கியது. சனம் தோணிகளில் வாவியைக் கடந்து வந்தது. நம் பள்ளிக்கூடம் அகதி முகாமானது. வகுப்பறைகள் நிறைந்தபின் ஆய்வுகூடத்தையும் திறந்துவிட்டோம். வண்ணக்கரும் ஊராரும் அங்கேதான் வந்து சேர்ந்தார்கள். மேசைகளுக்கு மேலும் கீழும் குடும்பங்கள். ஒரு மூலையில், பலகை மூடிய பேசினுக்குள் அம்மன். தங்கள் அம்மன் அங்கே இருக்கிறாள் என்று அறிந்தபோது பெண்கள் அழுதார்கள். பலகையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். நீ தடுக்கவில்லை.

அத்தனை பேருக்கும் ஒரு கிணறு. வயிற்றோட்டம் வந்தது. பெரியவர்கள் தாங்கினார்கள், பிள்ளைகள் வாடினார்கள். தண்ணீரைக் கொதிக்க வைக்க விறகில்லை. சோறு சமைக்கவே விறகில்லை. வைத்தியசாலைக்குப் போகும் வழி ஊரடங்கில் அடைபட்டிருந்தது.

அன்று மத்தியானம் நான் கஞ்சி பங்கிட்டுக்கொண்டிருந்தேன். உன் குரல் கேட்டு ஓடிவந்தேன். தெய்வானை என்ற பெண் பேசினின் பலகையை விலக்கி, ஒரு கோப்பை நிறைய அந்தத் தண்ணீரை அள்ளியிருந்தாள். மடியில் அவளுடைய குழந்தை, உதடு வெடித்து, கண் பாதி மூடி. நீ அவளுடைய மணிக்கட்டைப் பிடித்திருந்தாய்.

“விடு. அம்மன்ட தீர்த்தம்” என்றாள்.

“குடுக்காத. அது நஞ்சு.”

“எங்கட அம்மன் கிடந்த தண்ணி நஞ்சா? நீ சிலுவை கும்பிடுற வேதக்காரி. உனக்கென்ன தெரியும்?”

எல்லோரும் உன்னைப் பார்த்தார்கள். வண்ணக்கரும் எழுந்து நின்றார். அந்த அறையில் அந்த ஒரு சொல் எதுவாகவும் மாறியிருக்கலாம். நீ அவள் கையை விட்டாய். “குடுக்கிறதுக்கு முதல் ஒண்டப் பார்” என்றாய். பேசின் தண்ணீரில் கொஞ்சத்தை ஒரு கிளாசில் எடுத்து, கஞ்சிக்கு வைத்திருந்த தேசிக்காயைப் பிழிந்து புளியை விட்டாய். நுரைத்துப் பொங்கி அடங்கியது. வண்ணக்கரிடம் பாக்குவெட்டியை வாங்கி, அலகைச் சீலையில் துடைத்து, அதற்குள் விட்டாய். கொஞ்சம் கொஞ்சமாக அலகு சிவந்து செம்பு நிறமானது.

“அம்மன்ட உடம்பில இரிந்து கழண்ட செம்பு இது. அவவுக்கு வருத்தம் மாறுறதுக்காக வெளிய வந்த கழிவு. இரும்பிலயே இப்பிடி ஏறுது. பிள்ளைட குடலில என்ன செய்யுமெண்டு நினைச்சுப் பார்.”

தெய்வானை கோப்பையைக் கீழே வைத்தாள். அவளுக்கு அழுகை வரவில்லை. உன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“அப்ப எனக்கு என்னத்தத் தாறாய்?”

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். பிறகு அலுமாரிக்குப் பக்கத்தில் வரிசையாக நின்ற கான்களைப் பார்த்தாய். ஒரு மாரிகாலத்தின் உமியும் புகையும் உன் கண்ணெரிச்சலும் அந்தக் கான்களில் இருந்தன. அம்மனுக்குக் கடைசி நான்கைந்து மாற்றலுக்கான தண்ணீர் அது. நீ யோசித்தாயா என்று பலமுறை என்னையே கேட்டிருக்கிறேன். நீ யோசித்தது போல எனக்குத் தெரியவில்லை. முதல் கானைத் தூக்கி மூடியைத் திறந்தாய்.

“சீனி ஆரிட்ட இரிக்கி?”

ஆளுக்கு ஒரு பிடி, அரைப் பிடி என்று சீனி வந்தது. நீ ஒரு சட்டியில் கலந்து, உப்பைக் கிள்ளிப் போட்டு, நாக்கில் வைத்துப் பார்த்தாய். கண்ணீர் அளவுக்குத்தான் உப்பு இருக்க வேண்டும் என்றாய். கரண்டியால் துளித்துளியாகக் கொடுக்கச் சொன்னாய். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி, “உப்ப எடுக்கிறதுக்கு எண்டு வடிச்ச தண்ணிக்கு நானே உப்பப் போட்டனே” என்று சிரித்தாய். உன் கண் கலங்கியிருந்தது.

கான்கள் எல்லாம் முடிந்தன. அதன் பிறகு அந்த அடுப்பில் அண்டா ஏறியது. அம்மனுக்கென்று வைத்திருந்ததில் எஞ்சிய உமியைக் கொண்டு முகாமுக்குத் தண்ணீர் கொதிக்க வைத்தோம். தெய்வானையின் குழந்தை பிழைத்தது. பக்கத்து வகுப்பறையில் ஒரு குழந்தை பிழைக்கவில்லை. அது வரும்போதே துவண்டு வந்த குழந்தை. நீயும் நானும் அதைப் பற்றிப் பிறகு ஒருபோதும் பேசியதில்லை.

மாற்றத் தண்ணீர் இல்லாததால் நீ அம்மனை வெளியே எடுத்தாய். கடைசிச் சோதனையிலும் அந்த மெல்லிய புகை இருந்தது. முடியாத வேலை. மூன்று நாள் வெயிலில் உலர்த்தி, உன் கோயிலில் எரிந்து மீந்த மெழுகுதிரித் துண்டுகளைச் சேர்த்து உருக்கி, இளஞ்சூட்டில் அவள் உடம்பெங்கும் பூசினாய். முதுகில் அந்தத் துணி இருந்த இடத்தை மட்டும் சுத்தம் செய்யாமல் அப்படியே விட்டு, அதன் மேலும் மெழுகு பூசினாய்.

வைகாசி வந்தபோதும் சனம் ஊருக்குப் போகவில்லை. சடங்கை ஆய்வுகூடத்திலேயே வைத்தார்கள். செய்முறை வகுப்பு நடக்கும் மேசையில் வேப்பிலை பரப்பி அம்மனை வைத்தார்கள். ஒரே ஒரு உடுக்கு. பெண்கள் அம்மனைக் குளிர்விக்கும் குளிர்த்திப் பாட்டுப் பாடினார்கள். நீ வாசற்படியோடு நின்றுவிட்டாய். வண்ணக்கர் அம்மனைத் திருப்பி, அந்த முதுகுப் பக்கத்தைப் பெண்களுக்குக் காட்டினார். உன் கண்ணாடி கைமாறிக் கைமாறிப் போனது. “சீலை. ஆரோ ஒருத்தி தன்ட சீலையக் கிழிச்சுச் சுத்தியிரிக்காள்” என்றாள் ஒருத்தி. நான் உன்னைப் பார்த்தேன். நீ திருத்தவில்லை. தெய்வானை குழந்தையை இடுப்பில் வைத்தபடி வாசலுக்கு வந்து உன் கையைப் பிடித்தாள். “உள்ளுக்கு வாங்க. நீங்களும் குளிப்பாட்டினவதானே.”

சனம் திரும்பிப் போகும்போது அம்மனும் போனாள். இன்னும் கொஞ்சம் கழுவ வேண்டும் என்று நீ சொல்லிப் பார்த்தாய். “நாங்க மட்டும் சுகமாகியா போறம், தங்கச்சி? எல்லாரும் வருத்தத்தோடதான் போறம். அவவும் எங்களோட வரட்டும்” என்றார் வண்ணக்கர். நீ ஒரே ஒரு நிபந்தனை போட்டாய். ஒவ்வொரு வருடமும் சடங்குக்காகக் கோயில் கதவு திறக்கும்போது உன்னைக் கூப்பிட வேண்டும்.

கூப்பிட்டார்கள். நீ போனாய். பாலம் திறந்திருந்த வருடங்களில் பாலத்தால், மூடியிருந்த வருடங்களில் தோணியால். சில வருடம் நானும் கூட வந்தேன். ஈர்க்குச்சியும் கண்ணாடியும் மெழுகும்தான் உன் சாமான்கள். வெளிர் பச்சை தெரிந்த இடத்தைச் சுரண்டி, உலர்த்தி, மூடிவிட்டு, கொடுத்த பொங்கலைச் சாப்பிட்டுத் திரும்புவாய். போகவே முடியாத வருடங்களும் இருந்தன. கடைசிச் சண்டை தொடங்கியபோது ஊர் மறுபடி இடம்பெயர்ந்தது. அப்போது நீ சொல்லிக் கொடுத்தபடி, உலர்ந்த உமியும் அடுப்புக் கரியும் போட்ட சாடியில் அம்மனை வைத்து, வாயை மெழுகால் அடைத்து, அவர்களே மண்ணுக்குள் வைத்துவிட்டுப் போனார்கள். திரும்பி வந்து எடுத்தபோது நீ பக்கத்தில் நின்றாய். சாடியைத் திறந்ததும் முதலில் கையை உள்ளே விட்டு உமியைத்தான் தொட்டுப் பார்த்தாய். உலர்ந்திருந்தது. நீ அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாய்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது நாம் அம்மனைப் பற்றிப் பேசவில்லை. எனக்கு உன் கால் வீக்கத்தைப் பார்க்கவே மனம் வரவில்லை. டொக்டர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். “தெரியாதெண்டு சொன்னார். நல்ல மனிசன்” என்றாய்.

இந்த வைகாசியில் என்னைக் கூப்பிட்டார்கள். உனக்குப் பதிலாக வருகிறேன் என்று நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பஸ்ஸில் போனேன். பாலத்தில் இப்போது யாரும் மறிப்பதில்லை. வண்ணக்கர் போய்ச் சேர்ந்து நெடுநாள்; இப்போது அவருடைய மருமகன் வண்ணக்கர். அவர் ஒரு யோசனையோடு இருந்தார். வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் ஒருவர் அம்மனை மினுக்கித் தங்கப் பூச்சுப் போட்டுத் தர ஆயத்தமாக இருக்கிறாராம்.

“பூச்சுப் போட்டா நூறு வருஷம் நிக்குமெண்டு அவங்க சொல்றாங்க, ரீச்சர். நீங்க என்ன சொல்றீங்க?”

உன்னோடு இருந்த காலம் முழுவதும் நான் கான் தூக்கியவள், அடுப்பு ஊதியவள். பேச வேண்டியதையெல்லாம் நீதான் பேசினாய். மினுக்கினால் முதுகில் இருக்கும் அந்தத் துணி அடையாளம் போய்விடும் என்றேன். உள்ளே இன்னும் கொஞ்சம் உப்பு இருக்கிறது, தங்கத்துக்குக் கீழே அது தின்றால் வெளியில் தெரியவே தெரியாது என்றேன். இப்படி இருந்தால் வருடம் ஒருமுறை பார்க்கலாம், பார்த்தால் தெரியும் என்றேன். என் குரல் எனக்கே உறுதியாகக் கேட்கவில்லை.

“அப்ப இப்பிடியே விட்டா எத்தின வருஷத்துக்கு இரிப்பா?”

“தெரியாது” என்றேன்.

அவர் முகத்தில் ஏமாற்றம் தெரிந்தது. பின்னால் இருந்து தெய்வானை பேசினாள். அவளுக்கு இப்போது தலை முழுக்க நரை. “அந்தப் பிள்ளையும் ஒரு நாளும் தெரியுமெண்டு சொன்னதில்ல. எண்டாலும் அம்மன் இண்டைக்கும் இரிக்கிறாதானே” என்றாள். வண்ணக்கர் அவளைப் பார்த்துவிட்டு உள்ளே போய் அம்மனை எடுத்துவந்து என் முன்னால் வைத்தார்.

நான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தேன். முகம் நன்றாக இருந்தது. தோள் நன்றாக இருந்தது. வலது பாதத்தின் விரலிடுக்கில் ஒரு வெளிர் பச்சைப் புள்ளி. ஈர்க்குச்சியால் தொட்டேன். இன்னொரு முறை தொட்டேன். உதிரவில்லை. கெட்டியாக இருந்தது. பழைய கறைதான். ஆனாலும் அந்த இடத்தைத் துடைத்து, மெழுகை இளக்கி மூடினேன்.

இந்த வருடம் பொடி இல்லை. வருகிற வருடம் எப்படியோ, போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.